நாரை எதைத் தின்னும்?

ஒத்திலியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதவள்" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஏதோ பிள்ளைக்குச் சாப்பாடு போடாதவள் என்பதுபோல.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்து மணியடிக்கிறவள். பதினோரு வருடமாக உள்ளே நடப்பதைப் பார்க்கிறேன். அவள் அனுப்பாததில் எனக்கு வியப்பில்லை.

நரேவ் ஆற்றுப் புல்வெளியின் ஓரத்தில் அவள் வீடு. கணவன் வித் காட்டுக் காவலன். காலையில் செபம் சொல்லிவிட்டுத்தான் ரொட்டியில் கை வைப்பார்கள். ரொட்டியின் அடியில் கத்தியால் சிலுவை கீறுவாள். அதே ரொட்டியை வெட்டி மகள் தேக்லாவுக்குக் கால், அரைக்கால் சொல்லிக்கொடுப்பாள். பிறகு இருவரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு புல்வெளியில் இறங்கிவிடுவார்கள். சண்டையும் உண்டு. ஒருநாள் தேக்லா வாய்ப்பாடு சொல்லமாட்டேன் என்று கோழிக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவும் உள்ளே நுழைந்து, ஏழாம் வாய்ப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு வந்தாள்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் ஜூனில் பள்ளிக்கு வந்து தேர்வில் தேற வேண்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் அனுமதி போய்விடும். செப்டம்பரில் வகுப்பில் வந்து உட்கார வேண்டியதுதான். இந்த வருடம் பத்து வயதுத் தேக்லாவுக்கு இயற்கைப் பாடம்தான் கடைசி. தலைமையாசிரியையும் ஒத்திலியாவும் உட்கார்ந்திருந்த தேர்வு அறைக்குத் தண்ணீர் வைக்கப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"நாரையோட முக்கிய உணவு என்ன?" என்றாள் ஆசிரியை கொர்னெலியா.

"வெட்டுக்கிளி, மண்புழு, வயலெலி. தவளை எப்பவாவதுதான், டீச்சர்."

"தவளைதான் விடை. புத்தகத்துல படம் போட்டிருக்கே, பாக்கல?"

"படத்தையும் பாத்தேன். நாரையையும் பாத்தேன்."

கொர்னெலியாவின் முகம் சிவந்தது. ஒத்திலியா பக்கம் திரும்பினாள். "கோயில், காடுன்னு திரிஞ்சா இப்படித்தான். பாஸுக்கு ஒரு மார்க் குறையுது உங்க பொண்ணுக்கு. தவளைன்னு சொல்லச் சொல்லுங்க, பாஸ் போட்டுடறேன்."

தேக்லா அம்மாவைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும், வீட்டுப் படிப்பு பிழைத்துவிடும். ஒத்திலியா தலையை அசைக்கவில்லை.

"பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு நான்தான் கத்துக்குடுத்தேன். நாரை விஷயத்துலயும் அது பொய்தான், டீச்சர்."

கொர்னெலியா சிவப்புப் பேனாவை எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே, பள்ளி முற்றத்துக் கம்பத்தின் மேல், நாரைக் கூடு இருக்கிறது. அடியில் தினமும் பெருக்குகிறவள் நான். இவர்கள் ஒருநாளாவது தலை தூக்கிப் பார்த்தால்தானே? விறுவிறுவென்று போய், நாரை கக்கிப் போட்ட உருண்டைகளைக் குப்பை முறத்தில் அள்ளிவந்து மேசையில் கொட்டினேன். எலிமயிர், வண்டுச் சிறகு, வெட்டுக்கிளிக் கால்.

"ஸ்தேஃபா, என்ன அசிங்கம் இது?" என்றாள் தலைமையாசிரியை வாண்டா.

"நம்ம பள்ளிக்கூடத்து நாரை தின்னது, மேடம். இதுல தவளை எங்கன்னு நீங்களே தேடுங்க."

வாண்டா பென்சிலால் கிளறிப் பார்த்தாள். கடைசியில், "இந்தக் கேள்வியை நீக்கிடலாம்," என்றாள். கேள்வியை அடித்தார்கள். மொத்தமும் அதற்கேற்பக் குறைந்ததால் மிச்ச மார்க்கிலேயே தேக்லா தேறிவிட்டாள். அனுமதியும் தப்பியது.

ஆனால் ஒத்திலியா எழுந்திருக்கவில்லை.

"கேள்விய அடிச்சாச்சு. பிள்ள சொன்னது சரியா, தப்பா?"

"அதான் பாஸாயிட்டாளே, இன்னும் என்ன?" என்றாள் கொர்னெலியா.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிடறோம்."

வாண்டா தேர்வுத் தாள்களைப் புரட்டினாள். கொர்னெலியா பேனாவை மூடினாள். படித்த மனுஷிகள், இரண்டு பேர்! வெள்ளைச் சட்டை போட்டு வந்த அந்தப் பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நீ சொன்னதுதான் சரி, கண்ணு," என்றேன் நான். அதைச் சொல்ல அந்த அறையில் பெருக்குகிறவளை விட்டால் ஆளில்லை.