ஒரு கையால் திறக்கும் கத்தி

மிளகாய்த்தூளின் காரமும் பார்சல் டேப்பின் பசை மணமும் சேர்ந்த ஒரு வாசனை... வெள்ளவத்தையில் நான் வேலை செய்த கடைக்குள் காலை வைத்தாலே தும்மல் வரும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தூளும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் அனுப்புகிறவர்கள் எங்களிடம்தான் வருவார்கள்.

யுத்த காலம். நாங்கள் கட்டிய பெட்டி அப்படியே விமானம் ஏறாது. கார்கோ கிடங்கில், செக்கிங் செய்பவர்களின் முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் வெட்டித் திறந்து காட்டி, திரும்ப ஒட்ட வேண்டும். பின்னால் மற்றக் கடைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கொஞ்சம் சுணங்கினாலும் ‘அடுத்த ஆள்’ என்று தள்ளிவிடுவார்கள்.

வெட்டுவது நான். ஒட்டுவது குமுது. கல்கிசையிலிருந்து வரும் சிங்களப் பெண், என் வயதுதான். கடையில் வேலை செய்தே தமிழ் பழகியிருந்தாள்.

ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து என் இடது கை முறிந்தது. பிளாஸ்டரை வெட்டி எடுத்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. ஒரு பேனையைக்கூடப் பிடிக்காது.

முதலாளியை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர்.

“ரஞ்சி, கை சுகமாகுமட்டும் வீட்ட நில்லும். பிறகு பாப்பம்.”

அந்தப் ‘பிறகு’ எனக்கு விளங்கியது. அம்மாவும் நானும் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். தமிழர் வீடுகளைச் சோதிக்க வரும் பொலிஸ் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: கொழும்பில் என்ன வேலை? அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் இந்தக் கடை.

“ஒரு கிழமை தாங்கோ அண்ணை. ஏலாட்டி நானே வேலையால நிக்கிறன்” என்றேன்.

பிரச்சினை கத்திதான். மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. பிடியை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையின் நகத்தால் பிளேடை இழுக்க வேண்டும். வேனில் கொண்டு போவதால் மடங்காத கத்தி வேண்டாம் என்று அண்ணை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் பல்லால் இழுத்துப் பார்த்தேன். முன்பல்லில் ஒரு சின்னத் துண்டு உடைந்ததுதான் மிச்சம். பிறகு பிளேடு சுழலும் ஆணியில் எண்ணெய் விட்டு இளக்கினேன். அளவுக்கு மீறி இளகி, கைப்பையைக் குலுக்கினாலே வாயைத் திறந்தது...

கடைசியில் உடைந்த பிளக் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே வயரை இறுக்கும் சின்னப் பித்தளைத் துண்டு, அதில் ஒரு ஸ்குரூ. அந்தத் துண்டில் இரும்பறுக்கும் வாளால் ஒரு பிளவு அறுத்து, பிளேடின் முதுகில் கொளுவி, ஸ்குரூவை இறுக்கினேன். குமுது பிடித்துக்கொண்டாள், நான் அறுத்தேன். இப்போது பெருவிரலால் அந்தத் துண்டைத் தள்ளினால் பிளேடு வெளியே வரும். ஆணியைத் தட்டி மறுபடி இறுக்கினோம்.

அந்தக் கிழமை முழுக்கப் பழகினேன். பெருவிரல் எல்லாம் வெட்டு. அம்மா திட்டித் திட்டி மஞ்சள் பூசிவிட்டா. கிழமை முடிய, இரண்டு கையால் திறந்த காலத்தைவிட வேகமாகத் திறந்தேன்.

அண்ணை பார்த்துவிட்டு, “சரி, வேனில ஏறும்” என்றார்.

அந்த வேகம்தான் வினையாகவும் வந்தது...

ஒருநாள் கார்கோவுக்குப் போகும் வழியில், செக்பொயின்ட்டில் கைப்பையைச் சோதித்த பெண் பொலிஸின் விரல் அந்தப் பித்தளைத் துண்டில் பட்டு, கத்தி சட்டென்று திறந்துகொண்டது. அவள் திடுக்கிட்டுப் போனாள். என் அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். நேரே பொலிஸ் நிலையம்.

குமுதுவைப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. என் பக்கத்தில் மர வாங்கில் அமர்ந்து, “நான் போனா பெட்டிய ஆர் ஒட்டுறது?” என்றாள்.

உள்ளே இருந்த அதிகாரி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெதியாகத் திறக்கிற மாதிரி யார் செய்து தந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்தான் சேர்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

நம்பவில்லை. வேனில் இருந்து ஒரு பெட்டி எடுத்து வரலாமா என்று கேட்டேன். குமுது ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். இடது முழங்கையால் பெட்டியை அமத்தி, வலது பெருவிரலால் கத்தியைத் திறந்து, டேப்பை ஒரே இழுவையில் வெட்டினேன். உள்ளே யாருடைய பிள்ளைக்கோ போகும் அரிசிமா.

அவர் இடது கையை மேசையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். வலித்தது... நான் முகத்தில் காட்டவில்லை.

“யன்ன” என்றார். போ.

கத்தியைத் தரவில்லை.

அன்றைக்குக் கார்கோவுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். வேன் சாவியால் கிழித்துத்தான் பெட்டிகளைத் திறந்தேன். எல்லாம் விமானம் ஏறின.

“போதும் ரஞ்சி, இனிப் போக வேண்டாம்” என்று அண்ணை சொன்னார். நான் அடுத்த நாளே வேறொரு கத்தி வாங்கி, வேறொரு பிளக்கைக் கழற்றினேன். இந்தமுறை கைப்பைக்குள் வைக்கவில்லை. செக்பொயின்ட் வந்ததும், கேட்கும் முன்னரே கையில் நீட்டி, குமுது சொல்லித்தந்த சிங்களத்தில் விளக்கம் சொன்னேன். போகப் போக அங்கே எனக்குப் ‘பிஹிய நங்கி’ என்று பெயரே வந்துவிட்டது. கத்தித் தங்கச்சி! சில நாள் திறந்து காட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் திறந்து காட்டுவேன். அந்தக் கடை மூடும்வரை கார்கோவுக்குப் போனது நான்தான்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம். போன மாதம் காலி வீதியில் ஒரு கடையில் பார்த்தேன். பிளேடில் சின்னக் குமிழ் வைத்தே கத்தி வருகிறது. “ஒரு கையாலயே திறக்கலாம் அன்ரி” என்று கடைப் பெடியன் காட்டித்தந்தான். பெருவிரலால் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஒன்று வாங்கினேன்.

பஸ் பிடித்து வந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. பக்கத்து சீற்றில் இருந்த பெண்ணோடு சாமான் விலையெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தேன். கிருலப்பனையில் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கச் சாவியைத் தேடியபோதுதான் பைக்குள் கத்தி கையில் தட்டுப்பட்டது.

வழி முழுக்க அது மறந்தே போயிருந்தது...