சுவரடியில் சிவந்த பொடி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம்.

அண்ணன் ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவுடன் தறியில் உட்கார்ந்தார். பிறகு டிரில் மெஷின் ஒன்று வாங்கி, சுவரில் துளையிட்டு போல்ட் பிடிக்கும் வேலைக்குப் போனார். ஏசி, வாட்டர் ஹீட்டர், கடைப் பலகை, கிரில் கதவு என்று இந்த ஊரில் அவர் மாட்டிய எதுவும் கழன்று விழுந்ததாக நான் கேட்டதில்லை. செங்கலின் நடுவில்தான் துளையிடுவார். செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்தில் இடமாட்டார்; அதில் பிடி நிற்காது என்பார். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுக்காமல் போல்ட்டைத் தொடமாட்டார். அந்த வருமானத்தில்தான் என்னை சிவில் டிப்ளமோ படிக்க வைத்தார்.

எங்கள் வீட்டு போல்ட்டுகள் அவர் போட்டவை அல்ல. சேலையில் பூவேலை விழுவதற்காகத் தறிக்கு மேலே கனமான ஜக்கார்டு பெட்டி ஒன்று இருக்கும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அப்பா காலத்தில் யாரோ சுவரில் பிடித்திருந்தார்கள். சாந்தில்.

சென்ற ஆண்டு அண்ணி கர்ப்பமாக இருந்தபோது, அந்த போல்ட்டுகளுக்கு நேர் கீழே தரையில் பொடி விழத் தொடங்கியது. முதலில் வெள்ளையாக இருந்தது, அது பூச்சு. பிறகு சிவந்தது. தறி அதிர அதிர, சாந்தில் தளர்ந்த போல்ட் பக்கத்துச் செங்கலைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா காலையில் பெருக்குவார். மறுநாள் மீண்டும் இருக்கும்.

அண்ணன் புது போல்ட்டுகள் வாங்கி வந்தார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அம்மா தடுத்தார்.

"ஊர் செவுத்தையெல்லாம் ஓட்ட போட்டுகினு இருக்கேன். என் வூட்டு செவுத்துக்கு நாள் பாக்கணுமாம்மா?"

"நாள் இல்லடா, மாசம். வளகாப்பு முடிஞ்சு இவ அவங்கம்மா வூட்டுக்குப் போவட்டும். அப்புறம் செவுத்தையே சல்லடையாக்கிக்கோ."

"நான் வேணா இன்னிக்கே வந்தவாசி பஸ் ஏறிடறேன் அத்த" என்றார் அண்ணி.

"வளகாப்பு போடாம அனுப்பினா உங்க ஊர்ல என்னை என்னான்னு பேசுவாங்க?"

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை இறக்கினால், தறியில் பூட்டிப் பாதி நெய்த பாவு நூல் வீணாகும். அதனால் சட்டத்துக்கு ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தார். அம்மாவை மட்டும் தறியில் உட்கார விடவில்லை.

"நீ எழுந்துரும்மா. இந்தப் பாவு முடியற வரைக்கும் நான் நெய்யிறேன்."

வளைகாப்புக்கு வளையல் வாங்க அம்மாவும் அண்ணியும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் நின்றது. அடுத்து வீடே அதிர்ந்தது. முட்டுக் கட்டை சரிந்து, பெட்டி சட்டத்தோடு அண்ணன் மேல் விழுந்திருந்தது.

தத்தம் தறிகளை அப்படியே விட்டு ஓடிவந்து பெட்டியைத் தூக்கிய தெருக்காரர்களுக்கும், ஆட்டோவில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவருக்கும், அண்ணியைப் பிரசவம் வரை தாங்கிய அவருடைய பெற்றோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு கொக்கியாவது மாட்டித் தந்திருப்பார்.

அவர் வாங்கி வைத்த போல்ட்டில் இன்று அவருடைய படம் தொங்குகிறது. துளையை நான் போட்டேன்.

உங்களில் பலர் வீட்டில் தறி ஓடுகிறது. திரும்பிப் போனதும் சுவரடியைப் பாருங்கள். இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேரனை மடியில் வைத்தபடி கேட்டவர், கடைசியில் சொன்னதை அப்படியே சேர்க்கிறேன்:

"செவப்பா இருந்தா பெருக்காதீங்க. வூட்ல புள்ளத்தாச்சி இருந்தாலும் சரி, அன்னிக்கே ஓட்ட போடுங்க."