ஆர்லிஸ் சொன்ன இரண்டு வேண்டாம்

எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றுகிறவள் வெர்னா. என் கணவரின் அக்கா. அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். வேண்டாம் என்றால் கூஜாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். மினசோட்டாவில் இப்படிச் செய்கிறவர்களை மனுஷராகவே சேர்க்க மாட்டார்கள். இங்கே முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பது அடக்கம். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் ஒரு சொட்டு என்று கோப்பையை நீட்டுவோம். தொண்டை வறண்டு போனாலும் முறை மாறாது. புதிதாக வந்த பாஸ்டரின் மனைவி என்னிடம் வந்து, அந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு திமிர் என்று கேட்டாள். திமிர் இல்லை, பயம் என்றேன். பன் தின்கிற நேரத்தில் அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெர்னா ஸ்கோக்லண்ட், எங்கள் ஊர் நோர்லி பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. இந்த ஊரில் நாற்பது வயதுக்குள் இருக்கிற யாரைக் கேட்டாலும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு சர்ச்சே அவளுக்கு வீடாகிவிட்டது. கல்யாணமா, சாவா, மீன் விருந்தா, வெர்னாவைக் கூப்பிடு. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடிக்காமல் விடமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

வெளியூர் போனுக்கு எந்தக் கம்பெனி வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஊருக்குள் பேச ஒரே கம்பெனி, அதை மாற்ற முடியாது. ஊர் தாண்டிப் பேச ஏகப்பட்ட கம்பெனி. உரிமை கொடுத்தார்கள், சந்தோஷம். கூடவே சாப்பாட்டு நேரத்து நிம்மதியையும் பிடுங்கிக்கொண்டார்கள். முள்கரண்டியைக் கையில் எடுத்தால் போதும், போன் அடிக்கும். எங்களிடம் வாருங்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தி தேன் ஒழுகப் பேசுவாள். சில கம்பெனிகள் கேட்கக்கூட மாட்டார்கள். ஒருநாள் பில்லைப் பார்த்தால் பெயர் மாறியிருக்கும். என் லைனை அப்படித் திருப்பினவனோடு நான் போட்ட சண்டையை என் கணவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த நேரத்தில்தான் சர்ச்சைச் சூடாக்குகிற கொதிகலன் உயிரை விட்டது. கோட்டைக் கழற்றாமல் ஜெபம் செய்தோம். அப்போது ஒரு சின்னக் கம்பெனி வந்தது. உங்கள் சபைக்காரர்கள் வெளியூர் லைனை எங்களிடம் மாற்றிக்கொண்டால், அவர்கள் பேசுவதற்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கை சர்ச்சுக்கே தருகிறோம் என்றார்கள். வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பது யார்? வேறு யார், வெர்னாதான். ஜனவரிப் பனியில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் போகாத பண்ணை இல்லை. முதல் வேண்டாமையும் இரண்டாம் வேண்டாமையும் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு மூன்றாம் தடவை கேட்பாள். கிட்டத்தட்ட சபை முழுவதும் சேர்ந்துவிட்டது. பாக்கி இருந்தது ஆர்லிஸ் ட்வைட்டன் வீடு.

ஆர்லிஸும் வெர்னாவும் பள்ளித் தோழிகள். ஆர்லிஸின் கணவர் தோர்வால்டுக்கு இதயம் பலவீனமாகி, அந்தக் குளிர்காலம் முழுவதும் படுக்கையில் இருந்தார். ஒரே மகன் கர்ட்டிஸ். பண்ணையை யார் எப்படி நடத்துவது என்பதில் அப்பாவோடு முட்டிக்கொண்டு, லாரி ஓட்டப் போய்விட்டான். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது, அது பின்னால் வருகிறது.

வெர்னா போய் உட்கார்ந்து கம்பெனி மாற்றுகிற பேச்சை எடுத்தாள். ஆர்லிஸ் வேண்டாம் என்றாள். வெர்னா கொதிகலனைப் பற்றிச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டாள். வேண்டாம் வெர்னா, எங்களுக்கு இருக்கிறதே போதும் என்றாள் ஆர்லிஸ். மூன்றாம் தடவை கேட்டபோது உள்ளேயிருந்து தோர்வால்டின் இருமல் கேட்டது. ஆர்லிஸ் பதில் சொல்லாமல் எழுந்து ஓடினாள். இரண்டு வேண்டாம் முறைப்படி வந்தாயிற்று, மூன்றாவதற்கு வேண்டாம் வரவில்லை, அப்படியென்றால் சரி என்றுதானே அர்த்தம்? எங்கள் ஊர்க் கணக்கு அது. வெர்னா அந்த வீட்டுச் சமையலறைப் போனிலிருந்தே கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள்.

மாற்றுவதற்கு முன் வீட்டுக்காரர்களின் சம்மதத்தைக் கேட்க, கம்பெனியிலிருந்து வேறொருவர் திரும்பக் கூப்பிடுவார். அது விதி. வெர்னா கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. ஆர்லிஸ் உள்ளே கணவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். யாரென்று கொஞ்சம் பாரேன் என்று குரல் கொடுத்தாள். வெர்னா எடுத்தாள். மிசஸ் ட்வைட்டன்தானே என்று கேட்டார்கள். ஆர்லிஸ் கை வேலையாக இருக்கிறாள், எதற்குத் தொந்தரவு என்று வெர்னா ஆமாம் சொன்னாள். உங்கள் சம்மதத்தோடுதானே என்றார்கள். அதற்கும் ஆமாம். அவ்வளவுதான் விஷயம். ஆர்லிஸிடம் யாரோ விற்பனைக்காரர் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், சபை முழுவதையும் சேர்த்துவிட்டாள் என்று வெர்னாவைப் பெயர் சொல்லிப் பாராட்டியபோது அவள் காது வரை சிவந்ததை நான் பார்த்தேன்.

ஏப்ரலில் தோர்வால்ட் இறந்துபோனார். மகன் வரவில்லை. போன் கூட இல்லை. அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த பன்களை அடுக்கிக்கொண்டே வெர்னா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"என்ன பிள்ளைடா இது? அப்பன் செத்துக் கிடக்கிறான், எட்டிப் பார்க்க மனசில்லையே. கல் நெஞ்சுக்காரன்."

நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். வாசலில் தட்டோடு நின்ற ஆர்லிஸ் அதைக் கேட்டுவிட்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

பில் கட்டுவதெல்லாம் தோர்வால்டின் வேலையாக இருந்தது. படுக்கையில் இருந்தபோதும் தொகையை மட்டும் பார்த்துக் காசோலை எழுதிவிடுவார். அவர் போன பிறகுதான் ஆர்லிஸ் அந்தக் காகிதங்களில் கை வைத்தாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் வெர்னாவைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, போன் பில்லில் உங்கள் சர்ச் கம்பெனியின் பெயர் எப்படி வந்தது, நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று கேட்டாள். அந்தக் கணத்தில் வெர்னா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "இந்தக் கம்பெனிக்காரங்க இப்படித்தான், கேட்காமலே மாத்திடறாங்க. டோரினுக்கும் அப்படித்தான் ஆச்சு" என்று. டோரின் நான்தான். என் பெயரையும் இழுத்துவிட்டுத்தான் பூசி மெழுகினாள்.

அதற்கு ஆர்லிஸ் கோபப்படவே இல்லை. உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். போன வருஷம் தோர்வால்ட் தானாகவே மனம் இறங்கி, பையன் கூப்பிட்டால் பேசுவேன் என்றாராம். பழைய கம்பெனி கொடுத்த போன் அட்டை ஒன்று இருந்தது. எந்தத் தெருவோரப் போனிலிருந்தும் அதிலுள்ள எண்ணை அடித்தால் போதும், செலவு இந்த வீட்டுக் கணக்கில் ஏறும். கர்ட்டிஸின் பழைய சிநேகிதன் ஒருவன் அவனை வழியில் சந்திக்கப் போவதாகச் சொன்னபோது, ஆர்லிஸ் அந்த அட்டையைக் கொடுத்தனுப்பினாள். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு, அப்பாவுக்கும் தெரியும் என்று சொல்லி அனுப்பினாள். கர்ட்டிஸ் எந்த நேரம் எங்கே இருப்பான் என்று அந்தச் சிநேகிதனுக்குக்கூட உறுதியாகத் தெரியாது. அந்த அட்டை ஒன்றுதான் நூல்.

"அதுக்காகத்தான் மாத்த மாட்டேன்னேன், வெர்னா. வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. பெத்த பிள்ளைக்கு அட்டை கொடுத்து அனுப்பிக் கூப்பிடச் சொல்றோம்னு எப்படிச் சொல்றது?"

லைன் கம்பெனி மாறினால் பழைய கம்பெனி அட்டை செத்துவிடும். அது வெர்னாவுக்குத் தெரியும். சேர்த்த வீடுகளிலெல்லாம் பழைய அட்டையை வெட்டிப் போடுங்கள் என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தவள். அன்று ஆர்லிஸ் வீட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கு வந்த கோபத்தில், உன்னை யார் அந்தப் போனை எடுத்து ஆமாம் சொல்லச் சொன்னது என்று கத்திவிட்டேன். பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். பெரிய பானைகளை அனாயாசமாகத் தூக்குகிற கைகள், மடியில் சும்மா கிடந்தன.

பழைய அட்டையின் எண்ணை உயிர்ப்பிக்க முடியுமா என்று வெர்னா அந்தக் கம்பெனியைக் கேட்டுப் பார்த்தாள். புது எண்தான் தருவோம் என்றார்கள். புது எண்ணை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பிறகு அவள் லாரிக் கம்பெனிகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஃபார்கோ, பில்லிங்ஸ், சூ ஃபால்ஸ் என்று கோடை முழுவதும். கர்ட்டிஸ் ட்வைட்டன் என்று ஒருவர் உங்களிடம் ஓட்டுகிறாரா என்று கேட்டுக் கேட்டு அவள் தொண்டை கட்டிக்கொண்டது. சபையார் அவளைப் புகழ்ந்தார்கள். சர்ச்சுக்காக எவ்வளவு வெளியூர் பேசுகிறாள் பார் என்றார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஆகஸ்டில் அவன் கிடைத்தான். பில்லிங்ஸ் பக்கத்துக் கம்பெனி ஒன்று தகவலைச் சேர்த்திருந்தது. வியாழக்கிழமை மதியம் ஏதோ லாரி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டான். நானும் அப்போது வெர்னா வீட்டில் இருந்தேன். வெர்னா போனை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று தடவை கேட்டது, இருமல், ஆமாம் சொன்னது, எல்லாம்.

"மார்ச்சுல கூப்பிட்டேன், மிசஸ் ஸ்கோக்லண்ட்," என்றான். "இந்த அட்டை செல்லாதுன்னு மெஷின் சொல்லுச்சு. மறுபடி அடிச்சுப் பார்த்தேன், அதையேதான் சொல்லுச்சு. அப்பா நிறுத்திட்டாருன்னு நினைச்சேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். சரி, அவ்வளவுதான் நமக்குன்னு லாரியை எடுத்துட்டேன். அவர் செத்தது மே மாசம்தான் யாரோ சொல்லி எனக்குத் தெரிஞ்சுச்சு."

வெர்னா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அவன் விடவில்லை.

"ஸ்கூல்ல எனக்கு எப்பவும் ரெண்டாவது தட்டு போடுவீங்க. அதை நான் மறக்கல. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணப் போறேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. என் வாயால சொல்ல வைக்காதீங்க."

சனிக்கிழமை காலை அவளை நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியில் இரண்டு முறை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன், பிறகு போகலாம் என்றாள். ஆர்லிஸ் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல மேசையில் கோப்பைகளை எடுத்து வைத்தாள். வெர்னா உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. ஜூன் மாதம் சொன்ன பொய்யையும் சொன்னாள். அடக்கத்தன்று கீழ்த்தளத்தில் கர்ட்டிஸைப் பற்றிச் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். கர்ட்டிஸ் நாளைக்குக் கூப்பிடுவான் என்பதைக் கடைசியில் சொன்னாள்.

ஆர்லிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் கூப்பிடப் போகிறான் என்றதும் அவள் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. மலர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது, சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"மார்ச்சுல அவரு போன் பக்கத்துலயே நாற்காலியைப் போடச் சொன்னாரு," என்றாள். "படுக்கையிலிருந்து எழுந்து வந்து உட்காருவாரு. குளிருதுன்னு நான் திட்டுவேன். வேற யாரையும் போனை எடுக்க விட மாட்டாரு. பையன் நம்மளை வேண்டாம்னுட்டான் ஆர்லிஸ்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

வெர்னா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதால் அதுவும் தனக்காகக் கேட்பது போலாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஆர்லிஸ் அடுப்பிலிருந்து காபிக் கூஜாவை எடுத்தாள். வெர்னாவின் அருகில் வந்து நின்றாள்.

"காபி வேணுமா, வெர்னா?"

"வேண்டாம், ஆர்லிஸ்."

பழக்கத்தில் வந்த வேண்டாம் அது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"சரி," என்றாள் ஆர்லிஸ்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். டோரின், காபி என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்சமாவது என்றாள். வேண்டாம், பரவாயில்லை என்றேன். வெர்னாவை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் மூன்றாம் தடவை கேட்டுவிட்டாள், நானும் கோப்பையை நீட்டிவிட்டேன். விளிம்பு வரை ஊற்றினாள். கூஜாவைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். நான் அந்தக் காபியைக் குடித்து முடிக்கும் வரை வெர்னா தன் முன்னால் இருந்த காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.