வேப்பிலையும் வறுத்த மல்லியும்

இரும்புச் சட்டியில் கொத்தமல்லியைப் போட்டதும் மணம் வந்துவிடாது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு ஒரு விதை வெடிக்கும், இன்னொன்று வெடிக்கும், அதற்குப் பின்தான் மணம் எழுந்து கூரை இடுக்கிலும் கதவு இடுக்கிலும் வழி தேடி வெளியே ஓடும். அதைப் பிடித்து வைக்க முடியாது. பத்து வருடங்களுக்கு மேலாகியும் எந்த வீட்டிலிருந்து அந்த மணம் வந்தாலும் என் கால்கள் வீதியில் நின்றுவிடுகின்றன. பொய் சொல்லி அகப்பட்டவளின் கால்கள் அவை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி அது. மாத்தளைச் சந்தைக்குப் பின்னால், வாசனைச் சரக்குக் கிடங்கொன்றின் முதுகோடு ஒட்டிக்கிடந்த எட்டு ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட வரிசை லயத்தில், ஏழாவது காம்பராவில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அதே கிடங்கில் மிளகு மூட்டையும் கொக்கோ மூட்டையும் தராசில் ஏற்றி இறக்குவது அவருக்கு வேலை. இருவருக்கும் பிறப்பு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். எங்கள் சனத்தில் பாதிப்பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தன. இந்த நாட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று தபால்காரரின் மணிக்குக் காது கொடுத்திருந்த காலம். அப்படிக் காத்திருப்பவர்களுக்குப் பட்டியல் என்றாலே பயம். யாராவது பேரைக் கேட்டால், ஊரைக் கேட்டால், வீட்டில் எத்தனை தலை என்று கேட்டால், உள்ளுக்குள் ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

அந்த மார்கழி மழையோடு ஒரு காய்ச்சலும் இறங்கியது. கடலுக்கு அப்பால் புறப்பட்டு உலகத்தையே சுற்றி வருகிற காய்ச்சலாம். மலையிலிருந்து குளிர் வழிந்துகொண்டே இருந்தது, துணி காயவில்லை, தலையும் காயவில்லை. பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும்.

எங்கள் வீதி முனையில் லாம்பு திருத்தும் கடை வைத்திருந்தார் ஒரு முஸ்லிம் மனிதர். ஐம்பது தாண்டியவர். நாங்கள் எல்லாரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம். 'இருக்குது', 'இருந்தா' என்பவை அவர் வாயில் 'ஈக்குது', 'ஈந்தா' ஆகிவிடும். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவர் காலையில் கடை திறப்பதில்லை. குடையும் ஒரு கொப்பியுமாக வாசல் வாசலாக வந்து நின்று கேட்பார், எழுதிக்கொள்வார். அவர் சொல்லச் சொல்ல, தையல்கடைச் சுவரில் சாய்த்திருந்த கரும்பலகையில் தையல்காரர் சோக்கட்டியால் எழுதுவார். எந்த வரிசையில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், டிஸ்பென்சரி ஐயா எந்தப் பக்கம் வருகிறார், கஞ்சி எத்தனை மணிக்கு என்றெல்லாம். கஞ்சி ஒருநாள் பள்ளிவாசலில் கொதிக்கும், மறுநாள் அம்மன் கோவிலில் கொதிக்கும். நல்ல ஏற்பாடு என்று ஊர் சொன்னது.

எனக்கு மட்டும் அந்தக் கொப்பி உறுத்தியது. ஒருநாள் அவர் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். எழுத்து வலது பக்கத்தில் தொடங்கி இடது பக்கம் ஊர்ந்தது. உடனே ஆறாம் காம்பரா அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அந்தக் கொப்பியப் பாத்தீங்களா? தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல. நாம யாரும் படிச்சிறக் கூடாதுன்னே எழுதுற எழுத்து."

"அப்ப யாரு படிக்கிறதுக்காம்?"

"கொழும்புல படிப்பாங்க. காய்ச்சல்காரங்களத்தான் மொதல்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துறாங்களாம்."

அப்படி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. பொழுது சாய்வதற்குள் அதே கதை முதலாம் காம்பராவைத் தொட்டுத் திரும்பி, சதை போட்டு என்னிடமே வந்து சேர்ந்தது. தலைமன்னாரில் கப்பல் வந்து நிற்கிறதாம், நம்ம லயத்துக்குத்தான் முதல் இடமாம். கேட்டதும் நானே அதை நம்பிவிட்டேன். நான் கிளப்பிய புழுதி என் கண்ணிலேயே விழுந்தது.

மறுநாள் எட்டு வாசலிலும் ஒரே பதில்: எல்லாரும் சொகம். இரண்டாம் காம்பராவிலிருந்து கழுவிய தண்ணீர் அவர் காலடியில் வந்து விழுந்தது.

"எங்களுக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்கு என்னா நானா, கல்யாணச் சாப்பாடா?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

அவர் சாரத்தை உதறிக்கொண்டார். "காய்ச்சல் வந்தா கஞ்சிதான் தங்கச்சி. கல்யாணம் வந்தாலும் சொல்லுங்கோ, அதுக்கும் வாரேன்."

நாங்கள் கதவுக்குப் பின்னால் சிரித்தோம். அன்று கரும்பலகையில் எங்கள் லயத்துக்கு நேரே 'எல்லோரும் சுகம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏதோ வென்றவள் போல வீட்டுக்கு வந்தேன். வந்தால் என் கணவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது என் பொய்க்கு ஒரு வேலி தேவைப்பட்டது. கோவில் பக்கம் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் கட்டினேன். எங்கள் சனத்தில் வாசலில் வேப்பிலை தொங்கினால் வீட்டுக்குள் அம்மை, அதாவது மாரியம்மாவே வந்து இருக்கிறாள் என்று அர்த்தம். அந்நியர் படி தாண்ட மாட்டார்கள். உள்ளே யாருக்கு என்ன என்று கேட்க மாட்டார்கள், வெளியே போய்ச் சொல்லவும் மாட்டார்கள். இதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

பாயில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னாடி இது? சாமியோட வெளையாடுற?"

"நீங்க சும்மா படுங்க. கப்பல்ல ஏறணுமா?"

நானா வந்தார். இலையைப் பார்த்தார். குடையை மடக்கி, மழையிலேயே இரண்டு எட்டுப் பின்வாங்கி நின்றார். "அம்மா வந்திருக்கா" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் கொப்பியில் என்னமோ கிறுக்கினார். என்னத்தை எழுதுகிறான் இந்த மனிதன்? அன்று மத்தியானம் வாழை இலையால் மூடிய கஞ்சிக் கோப்பை ஒன்று படிக்கு வெளியே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. கேட்காத வீட்டுக்குக் கஞ்சி எதற்கு? என்னை இளக்கிப் பேச வைக்கவா? இரண்டு நாளும் வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினேன். வெள்ளையாக அது மழைத்தண்ணீரோடு ஓடியது.

காய்ச்சலுக்கு என் கைவசம் இருந்த மருந்து கொத்தமல்லி மட்டும்தான். வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, மூன்று வேளையும் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்தித்தான் வறுத்தேன்.

நான்காம் நாள் என் கணவருக்கு மூச்சு மாறியது. நெஞ்சுக்குள் ஈரச் சாக்கை இழுப்பது போல ஒரு சத்தம். உதடு நாவல்பழ நிறம். கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. பக்கத்துக் கதவைத் தட்டினேன். அம்மா வந்த வீட்டுக்காரி தொட்ட கதவு என்று அக்கா திறக்கவில்லை. மழையில் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். வரிசை வீதி வரைக்கும் நீண்டிருந்தது. வாசலில் நின்றவர் என் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னார்: "வரிசையில நின்னா பொழுது போயிரும்மா. உங்க பக்கத்து லாம்புக்கடை நானாகிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. சீட்டு இருந்தா நேரா ஆஸ்பத்திரியில கட்டில் குடுப்பாங்க."

எந்தப் பட்டியலில் இருந்து ஒளித்தேனோ அந்தப் பட்டியலில் பேர் இருந்தால்தான் என் புருஷனுக்கு மூச்சு. வீதி முனை வரைக்கும் எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

நானா கடைக்குள் ஒரு சிம்னியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் துணியை வைத்துவிட்டுக் கொப்பியைப் பிரித்தார். ஒரு பக்கத்தில் டிஸ்பென்சரி முத்திரை குத்திய சீட்டு ஒன்று ஏற்கனவே செருகி இருந்தது.

"இது ஒங்கட சீட்டுதான் தங்கச்சி. மூணு நாளா இதுக்குள்ள ஈக்குது."

"நான்தான் அம்மைன்னு..."

"அம்மா வந்த ஊட்டுல தாளிக்க மாட்டாங்க, வறுக்க மாட்டாங்க. இந்த ஊர்ல பொறந்து வளந்தவனுக்கு இது தெரியாதா? வாசல்ல இலை தொங்குது, உள்ளுக்கு இருந்து வறுத்த மல்லி மணம் வருது." பிறகு கொப்பியைக் கண்ணுக்கு அருகே பிடித்து வாசித்தார். "ஏழாம் காம்பரா. பொண்ணு பொய் சொல்லுது. ஆம்புள செருப்பு வாசல்ல நனையுது, ஆரும் போடல்ல. காய்ச்சல்தான். கஞ்சி ஒரு கோப்பை."

பேர் இல்லை, ஊர் இல்லை, தலைக்கணக்கும் இல்லை. சின்ன வயதில் பள்ளிவாசலில் ஓதப் போனதோடு சரி, அரபு எழுத்தில் தமிழ் எழுதுவது ஒன்றுதான் தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அந்த நிலையிலும் கவனித்தேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் நானா உள்ள வரல?"

"இலை கட்டி ஈந்திச்சே" என்றார். "நூத்துக்கு ஒண்ணு அது மெய்யா ஈந்தா?"

கிடங்கின் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நானா, எங்கள் படிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே அந்த ஈரச்சாக்குச் சத்தம். "வாங்க நானா, வாங்க" என்று இழுக்காத குறை. அவர் அசையவில்லை.

"நீங்க கட்டினது. நீங்கதான் அவுக்கணும். நான் கை வெக்க மாட்டேன்."

மற்ற ஏழு கதவும் ஒரு விரல் அளவு திறந்திருந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கண். நான் முடிச்சில் கை வைத்ததும் ஆறாம் காம்பரா அக்கா அலறினாள்: "அடியே, தலைக்குத் தண்ணி ஊத்தாம எலைய எடுக்காத! கண்ணு போயிரும்!"

"அம்மா வரலக்கா. காய்ச்சல். நான் பொய் சொன்னேன்." முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது, பல்லால் இழுத்தேன். வாயெல்லாம் கசப்பு. "கப்பல் கதையும் பொய். அதுவும் நான்தான்."

அக்காவின் கதவு படாரென்று சாத்தியது. தொலைந்தது, இனி இந்த லயத்தில் எனக்கு முகம் இல்லை என்று நினைத்தேன். நாங்கள் அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தும்போது அதே கதவு மறுபடியும் திறந்தது. கையில் ஒரு கம்பளி. அதை வண்டியில் கிடந்தவர் மேல் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், நானாவிடம் சொன்னாள்: "எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு படுத்திருக்காங்க. எழுதிக்கிங்க."

பிறகு இன்னொரு கதவு. இன்னொன்று. லயத்தில் ஐந்து வீட்டில் காய்ச்சல் ஒளிந்திருந்தது. என் ஒரு நாக்கு எத்தனை பேரைப் பூட்டி வைத்திருந்தது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். நானா ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி, எழுத நேரமில்லாமல், எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு மழையில் தள்ளத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளி என்றார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் என்று சொல்லத் தொடங்கிய வைத்தியர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கணவர் பிழைத்தார். மூட்டை தூக்க ஆறு மாதம் ஆனது. எங்கள் விண்ணப்பத்துக்கான பதில் நெடுநாள் கழித்து அதன் பாட்டில் வந்தது. காய்ச்சலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கேதான் இருக்கிறோம்.

தை பிறந்து காய்ச்சல் ஓய்ந்தது. கரும்பலகையை மழை கழுவிவிட்டது. நானா கடையை விட்டுவிட்டு, மகள் வீட்டோடு இருக்கப் போவதாகச் சொன்னார்கள். பஸ் நிலையத்தில் போய்ப் பார்த்தேன். தகரப் பெட்டியோடு நின்றவர், என்னைக் கண்டதும் கொப்பியை எடுத்து ஏழாம் காம்பராவின் பக்கத்தைக் கிழித்து நீட்டினார். அடுப்பில் போட்டுவிடுங்கள், பிறகு உங்களுக்கு யோசனை வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே, இதற்கு இன்னொரு பிரதி இருக்குமோ என்று ஒரு நினைவு ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அந்தத் தாளை எரிக்கவில்லை. பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மாத்தளையில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. கதையைக் கிளப்பியது நான்தான் என்று அவர் அப்போதே எழுதியிருந்தால்? யாராவது கொப்பியோடு வாசலில் வந்து நின்றால் சந்தேகம் இப்போதும் எனக்கு முன்னால் எழுந்து வருகிறது. அதை ஒரு பலகை போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.

அன்று பஸ் உறுமத் தொடங்கியது. "நானா, ஒங்களப் பத்தி நான் கெளப்புன கதைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"அடுத்த தரம் பொய் சொல்றதா ஈந்தா தங்கச்சி, மல்லிய வறுக்காம போடுங்கோ."