ஒடியாத கைக்குக் கட்டு

கோமளாவின் வலது கை ஒடியவே இல்லை. ஆனால் துடியலூரிலும் கணபதியிலும் அவளைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அது ஒடிந்த கை. ஒடித்தவர் அவள் வீட்டுக்காரர் காளிச்சாமி. அதுவும் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு.

புற்றுநோய் என்று அவளுடைய வலது மார்பை எடுத்த அன்று, துடியலூரில் இருக்கும் மச்சானுக்குச் சேதி சொல்லப் போனார். மார்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி உழுந்து கை ஒடிஞ்சுபோச்சுங்க" என்று சொல்லிவிட்டார். தன் லேத் பட்டறையில் நூலளவு பிசகினாலும் வேலையைத் தூக்கி எறிகிற மனிதர், இந்தப் பிசகை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

பொய்க்குத் துணையாக ஒரு தூளி வந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, கழுத்தில் மாட்டிக் கையைத் தொங்கவிட அவரே முடிந்து கொடுத்தது. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபடியே இருந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் போனால் சாத்துக்குடி வரும், சாத்துக்குடி போனால் ரொட்டி. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தூளி கழுத்தில் ஏறும். நாள் முழுக்க மடங்கிக் கிடந்த கை, கடைசியில் மடங்கியே நின்றுவிட்டது.

"கரண்டு வைக்கறப்ப கை தலைக்கு மேல இருக்கோணும். இது தோளுக்கே வரமாட்டேங்குது" என்றார் டாக்டர். கதிர்வீச்சுக்கு அங்கே எல்லோருக்கும் கரண்டுதான். "ஆட்டி ஆட்டிப் பழகச் சொன்னேனே, என்ன பண்ணீட்டிருந்தீங்க? திங்கக்கிழமையும் தூக்கலைன்னா தள்ளிப்போட வேண்டியதுதான். தள்ளிப்போடறது நல்லதில்லீங்க."

டி.வி.எஸ். வண்டியில் திரும்பும்போது, கோமளா அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க, அந்தத் தூளியை அடுப்புல போட்டுறட்டுங்களா?"

"கொஞ்சம் பொறு கண்ணு. உங்கண்ணங்கிட்டப் பக்குவமாச் சொல்லிப்போடறேன்."

"நீங்க பக்குவம் பாத்து முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

வண்டி ஒரு முறை ஆடியது.

அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று ஆக்கியவர் அவர். இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். புண்ணைத் துடைத்து மருந்து வைத்ததெல்லாம் அவரே, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்டவர் வாயில் ஒரு சொல் வராததுதான் அவளுக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை அவள் அண்ணன் வேங்கடசாமி, மனைவி சாமியாத்தாளோடு வந்தார். கூடவே கட்டுப் போட மூங்கில் பத்தையும் முட்டையும் எடுத்துக்கொண்டு நாட்டு வைத்தியர் ஒருவர்.

"அம்மணி, இவரு அந்தியூர்க்காரரு. சந்தையில குதிரைக் காலையே கட்டி ஓட வெச்சவரு. ஒன்ற கைய இன்னைக்கே கட்டிப்போடலாம்" என்றார் அண்ணன்.

வைத்தியர் கிண்ணத்தில் முட்டையை உடைத்தார். "எந்த எடத்துல ஒடிஞ்சுதுங்க?"

"அவரைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்" என்றாள் கோமளா.

காளிச்சாமி உத்தரத்தைப் பார்த்தார். "முழங்கைக்குக் கொஞ்சம்... மேலாலைங்க."

வைத்தியர் அக்குளருகே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கோமளா அலறினாள்.

"கைய எடுங்க!" என்று காளிச்சாமி பாய்ந்தார். "ஒடியலைங்க, கை ஒடியவே இல்லை! மச்சான், அவளுக்கு மார்ல புத்துங்க. எடுத்துப்போட்டாங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

வைத்தியர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேங்கடசாமிக்கு வாய் திறந்தபடியே இருந்தது.

"காலுன்னு சொல்லியிருந்தாலாவது கை தப்பிச்சிருக்கும்" என்று தூளியைக் கழற்றி வீசினாள் கோமளா.

சாமியாத்தாள் பெருங்குரலில் அழ ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "இதுக்குச் சீத்தா எலைய அரச்சுக் குடிச்சா..." என்றாள்.

"நங்கையா, அழுகறதும் வைத்தியம் சொல்றதும் அப்பறம் இருக்கட்டுங்க. மொதல்ல காப்பி குடிங்க" என்று அண்ணியை அடக்கினாள் கோமளா.

டம்ளர்கள் சமையற்கட்டின் மேல் பலகையில் இருந்தன. காளிச்சாமி பின்னாலேயே ஓடிவந்தார். "நான் எடுக்கறேன் கண்ணு."

"சும்மா நில்லுங்க."

வலது கையைச் சுவரில் வைத்து விரல்களை மேலே நகர்த்தினாள். தோளைத் தாண்டியதும் கண்ணில் நீர் முட்டியது. விரல் நுனி டம்ளரைத் தொட்டது. அது உருண்டு தரையில் விழுந்தது.

காளிச்சாமி குனிந்து எடுத்தார். அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை, துடைத்து, திரும்பவும் மேல் பலகையிலேயே வைத்தார்.

"இன்னொருக்கா எடு, பாக்கலாம்."

அவரை முறைத்துக்கொண்டே கோமளா விரலைச் சுவரில் வைத்தாள்.