பெட்டையாய்ப் போன மூன்று வான்கோழிகள்

வான்கோழிக் குஞ்சில் ஆண் எது, பெண் எது என்று சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் என் முன்னால் வரட்டும். நாட்டுக்கோழிக் குஞ்சென்றால் கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவேன். வாத்துக்கும் சொல்வேன். இந்த வான்கோழி மட்டும் ஊர் சிரிக்கும்படி என்னைச் செய்துவிட்டது.

எங்கள் மனைக்கட்டுக்குப் பட்டா வந்த புதிது. அதற்கு முன்பு குடிசை போட்டிருந்த இடம் பண்ணையாருடையது. கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுவதென்றாலும் கேட்டுத்தான் ஊன்ற வேண்டும். பட்டா கைக்கு வந்ததும் தெருவில் மற்றவர்கள் தென்னம்பிள்ளை வாங்கி வைத்தார்கள். எனக்கு வான்கோழி மேல் ஆசை. எங்கள் ஊரில் அது பண்ணை வீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டுக் கொல்லையை நான் கூட்டப் போகும்போதெல்லாம் அவர்களுடைய சேவல் என்னைத் துரத்தியிருக்கிறது. என் கொல்லையிலும் ஒரு சேவல் நின்று போகிறவர் வருகிறவரைத் துரத்த வேண்டும், பெட்டைகள் குஞ்சு பொரித்துக் கூட்டமாய் மேய வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

நாகூரில் ஒரு பாய் வீட்டில் குஞ்சு கிடைக்கும் என்றார்கள். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாய் ஒரு பெரிய கூடையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே அச்சு.

“ஒரு சேவல், ரெண்டு பொட்டை வேணும் பாய்” என்றேன்.

“குஞ்சுல எனக்கே தெரியாதும்மா. மூக்கு மேல சதை தொங்கணும், நெஞ்சுல மயிர் முளைக்கணும். அதுக்கு நாளாகும். குத்துமதிப்பா எடுத்துட்டுப் போங்க.”

“விக்கிறவருக்கே தெரியலைன்னா எப்படி? நகருங்க, நான் பாக்குறேன்.”

“பாருங்க, பாருங்க. தெரிஞ்சா எனக்கும் சொல்லிக் குடுங்க.”

நாட்டுக்கோழிக்குப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் சேவல் தலையை நிமிர்த்தும், பெட்டை தொங்கவிடும். இரண்டு குஞ்சுகள் அடக்கமாகத் தொங்கின. ஒன்று வெடுக்கென்று தலையைத் தூக்கியது. கீழே விட்டதும் வாலை விசிறி போல விரித்துக்கொண்டு நடந்தது.

“இதுதான் சேவல்” என்றேன்.

“நடையப் பாத்தா எங்க மாமனார் மாதிரியே இருக்கு. சேவலேதான்” என்றார் வீட்டுக்காரர்.

அவற்றை வளர்த்ததற்கு நான் இன்னும் இரண்டு பிள்ளை பெற்றிருக்கலாம். தீனியைக் கொட்டினால் நாட்டுக்கோழிக் குஞ்சு தானாகத் தின்னும். இதுகளுக்கு விரலால் தரையைத் தட்டித் தட்டித் தின்னச் சொல்லித்தர வேண்டும். மழை பெய்தால் ஒதுங்கத் தெரியாமல் நடுக்கொல்லையில் நனைந்துகொண்டு நிற்கும். வெங்காயத்தாளை அரிந்து போட்டு, மடியில் வைத்துத் துவட்டி வளர்த்தேன்.

பெட்டைகள் இரண்டும் முட்டையிடத் தொடங்கின. அடைக்கு உட்கார்ந்திருந்த நாட்டுக்கோழியின் கீழே அந்த முட்டைகளை வைத்தேன். பொரிக்கவேண்டிய நாள் போய் அதற்கு மேலும் நாள் போயிற்று. அத்தனையும் கூமுட்டை.

“சேவல் இன்னும் சின்னப்பிள்ளை” என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே அந்தச் சின்னப்பிள்ளை, வாலை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை நடை நடந்த அதே சனியன், வைக்கோல்போருக்குப் பின்னால் போய் முட்டையிட்டுவிட்டு வந்தது.

வீட்டுக்காரர் அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னடி, எங்க மாமனார் முட்டை விட்டிருக்காரு” என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

சேவலுக்கு எங்கே போவது? ஊரில் இருந்த ஒரே சேவல் பண்ணை வீட்டுச் சேவல். ஆனால் அறுப்புக் கூலியை ஏற்றிக் கேட்டு எங்கள் விவசாயக் கூலிச் சங்கத்தில் வேலைநிறுத்தக் கொடி நட்டிருந்த சமயம் அது. பண்ணை வயலுக்கும் வீட்டுக்கும் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வேலைக்குப் போகக்கூடாது என்று முடிவு. அந்தக் கூட்டத்தில், பண்ணை வீட்டு வாசலை மிதிக்கிறவள் என் கையால் ஒரு குடம் தண்ணீர் வாங்க முடியாது என்று எழுந்து நின்று சொன்னவள் நான்.

“போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்” என்று வீட்டுக்காரர் சீண்டினார்.

“வான்கோழியே வேணாம். அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்” என்றேன். வைக்க மனம் வரவில்லை.

பண்ணை வீட்டில் இருந்த ஒரே பெட்டையை நாய் கடித்துப் போட்டிருந்தது. சேவல் துணையில்லாமல் திரிந்தது. என்னுடைய மூன்றும் கத்துவது அதற்குக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் காலையில் மதிலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி எங்கள் கொல்லையில் வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை. விரட்டவும் இல்லை. அதன் பிறகு தினமும் வந்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பிப் போகும். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போவதையும் நிறுத்திவிட்டது.

தேடி வர அங்கே ஆளில்லை. வேலைக்குத்தான் யாரும் போவதில்லையே. அதனால் பண்ணை வீட்டம்மாவே வந்தார். எங்கள் தெருவுக்கு அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏண்டி, எங்க சேவல் இங்க வந்திருக்கா?”

“ஏண்டின்னு கூப்பிட்டா சேவல்கூடத் திரும்பிப் பாக்காதும்மா. உள்ள வாங்க.”

வந்து பார்த்தார். சேவல் மூன்று பெட்டைகளுக்கு நடுவில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப பொரிக்கிற குஞ்சுல பாதி எங்களுக்கு வரணும். சேவல் எங்களோடது. வாரத்துக்கு விட்ட மாதிரிதானே இது?”

ஆட்டையோ மாட்டையோ ஒருவருக்கு வளர்க்கக் கொடுத்தால் போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. அதைத்தான் எங்கள் பக்கத்தில் வாரம் என்போம்.

“நீங்க விடலியேம்மா, அதுவா வந்துச்சு. உங்க வயல்ல நாங்க நட்டோம், அறுத்தோம். வெளஞ்சதுல பாதியா குடுத்தீங்க? கூலிதானே குடுத்தீங்க. உங்க சேவல் எங்க கொல்லையில வேலை பாத்துச்சு. கூலி வாங்கிக்கட்டும்.”

வேலிக்கு அப்பால் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

பண்ணைக் களத்தில் கூலி அளக்கிறவர் மரக்காலின் தலையை உள்ளங்கையால் வழித்துவிட்டுத்தான் கொட்டுவார். நான் உள்ளே போய்ப் படியில் நொய் அள்ளினேன். வழிக்கவில்லை. கும்பமாகச் சரியச் சரியக் கொண்டுவந்து சேவலின் முன்னால் கொட்டினேன். அம்மா குனிந்து அதைப் பிடிக்கப் போனார். இறக்கையை விரித்துக்கொண்டு அவரையே துரத்தியது.

“வேலை பாத்தவன் சாப்பிட்டு முடிக்கட்டும்மா. கொஞ்சம் இருங்க” என்று மணையைத் தட்டிப் போட்டேன், உட்காருவதற்கு. உட்காரவில்லை. ஆனால் அது தின்று முடிக்கும்வரை என் கொல்லையில் நின்றார்.

அந்தத் தடவை அடைவைத்த முட்டைகள் பொரித்தன. ஒவ்வொரு குஞ்சாகக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே தலையைத் தூக்கின. சனியன்கள்.