வசந்தா மிஸ்ஸின் ஃப்ளெக்ஸுக்கு என் இரண்டு வரிகள்

வசந்தா மிஸ் இன்று காலை இறந்துவிட்டார். தாம்பரத்தில் நாங்கள் படித்த பள்ளியின் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிட்ட கைகளும் பூக்களுமாக வந்துகொண்டே இருக்கின்றன. நான் எதுவும் போடவில்லை.

ஃப்ளெக்ஸுக்குத் தலைப்பு தயார். 'அகதிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தவர்.' அதற்குக் கீழே இரண்டு வரி நான் எழுத வேண்டுமாம்.

குரூப் அட்மின் லதா போன் செய்தாள். "நீதானடி பி.எச்.டி. வரைக்கும் போனவ. அதோட, அந்தப் பிள்ளைங்கள்ல நீயே ஒருத்தி. நீ எழுதினாதான் நல்லா இருக்கும்."

சரி... எழுதுகிறேன்.

குண்டுவீச்சுக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தோம். அம்மா, நான், தம்பி குகன். சேலையூரில் ஒரே அறையில் குடியிருந்தோம்.

டி.சி. இல்லை என்று மூன்று பள்ளிகள் திருப்பி அனுப்பின. வசந்தா மிஸ் சேர்த்துக்கொண்டார். நான் ஒன்பதாவது, குகன் ஆறாவது. இதை நான் மறைக்கவில்லை.

மற்றதையும் மறைப்பதாக இல்லை.

ஆறாவதுக்கு அட்டென்டன்ஸ் எடுப்பவர் அவர்தான். முதல் நாள் பெயரைக் கூப்பிட்டதும் குகன் எழுந்து நின்று, "ஓம் ரீச்சர்" என்றான்.

எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம். பெரியவர்களிடம் வெறும் 'ஓ' போடக்கூடாது, 'ஓம்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு.

வகுப்பு சிரித்தது. மிஸ் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டார். "என்னடா, கிளாஸ்ல பூஜை பண்றியா? வெளிய போய்ப் பண்ணு."

மறுநாளும் பயத்தில் அவன் வாயில் அதுதான் வந்தது. அதற்கு மறுநாளும்... அந்த டெர்ம் முழுக்க முதல் பீரியட் அவனுக்கு வராண்டாவில்.

அம்மா போய் விளக்கினாள். "மரியாதைக்குத்தான் சொன்னவன், ரீச்சர். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கதைக்கிறது."

மிஸ் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்க இடம் கொடுத்ததே பெரிசும்மா."

வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்று அவனுக்கு டி.சி. கேட்டோம். உடனே கொடுத்தார். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் பார்க்காமலே 'நன்று' என்று எழுதுவார்கள். குகனுக்கு 'திருப்தியில்லை'.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு எந்தப் பள்ளியும் அப்ளிகேஷன்கூடத் தரவில்லை.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். பிறகு பெயிண்டிங் வேலைக்குப் போனான். இன்றும் முடிச்சூர்ப் பக்கம் புது பிளாட்டுகளின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறான்.

நான் "எஸ் மிஸ்" சொல்லக் கற்றுக்கொண்டேன். அதே பள்ளியில் படித்து முடித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். "சிலோன் பொண்ணு. நம்ம புராடக்ட்."

அப்புறம் என்னிடம், "உன் தம்பிக்குத்தான் படிப்பு ஏறல, இல்ல?"

நான் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

மதியம் குகனுக்குச் சொன்னேன். "வுடுக்கா. செத்துப்போச்சு பாவம். இன்னாத்துக்கு இப்ப அத்தப் போய்க் கிளறிகினு..." என்றான். யாழ்ப்பாணம் அவன் பேச்சில் எங்கேயும் இல்லை.

அவன் விட்டுவிட்டான். அவன் மனசு பெரிது. எனக்கு அப்படி இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

லதா, இந்தா என் இரண்டு வரி.

'இவர் சேர்த்துக்கொண்ட அகதிப் பிள்ளைகள் இருவர். அவர்களில் ஒருவனை, இனி எந்தப் பள்ளியும் சேர்க்காதபடி எழுதி அனுப்பினார்.'

ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. போட முடியாது என்றால், தலைப்பிலிருந்து 'அகதிப் பிள்ளைகள்' என்ற சொல்லை எடுத்துவிடு. எங்களை வைத்து அவருக்கு மாலை வேண்டாம்.

குரூப்பில் எல்லோரும் 'போய் வாருங்கள் மிஸ்' என்று எழுதுகிறார்கள்.

வர வேண்டாம். போங்கள், மிஸ்.